பட்டினிக்காரனுக்குத் தருமமா? உரிமையா?

அந்நிய நாட்டு உதவி என்பதைப் பற்றி நம் ஜனங்களுக்குள் இரண்டு விதமான அபிப்பிராயங்கள் இருந்து வருகின்றன. பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு மனமிரங்கிக் கொடுக்கின்ற தருமம் அது. வாங்குகின்றவன் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதே ஒழிய அதில் குற்றங்குறை பேசக்கூடாது என்பது ஒன்று. அது முழுவதும் வெள்ளைக்காரன் சூழ்ச்சி. அதில் ஒரு காசைக்கூடத் தொடக்கூடாது என்பது மற்றொன்று. இந்த இரண்டு கூட்டத்தாரும் கொடுக்கின்ற சர்க்கார் எது, வாங்குகின்ற சர்க்கார் எது என்று பார்க்கின்றார்களே தவிர, கடைசியாக அந்தத் தானியத்தை உலையில் போட்டுத் தின்ன வேண்டியவன் எவனோ, அவனை ஒரு வார்த்தை கேட்பதில்லை. நாம் இங்கு கேட்கப் போவது அவனைப் பற்றித்தான்.

சில வருஷங்களுக்கு முன் நம் பக்கத்தில் வெள்ளம் வந்து குடிசைகள் போயின. நிவாரணத்திற்கு டோக்கன் கொடுத்தார்கள். அரிசி சர்க்கார் அரிசி. பணம் நம் எல்லோருடைய வரிப்பணம். ஆனால் டோக்கன் நோட்டு மாத்திரம் அந்தத் தெருப் பெரிய மனிதர் ஒருவருடைய சட்டைப் பையில் இருந்தது. ஒரு கிழவி போய் நின்றாள். "போன தேர்தலில் உன் மகன் எந்தக் கொடியைப் பிடித்தான் என்று எனக்குத் தெரியாதா ஆயா?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூட அவள் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். அந்தச் சிரிப்புக்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். டோக்கன் கிடைத்தது என்பது வாஸ்தவந்தான். ஆனால் அடுத்த தேர்தலில் அந்த மகன் கொடி பிடிக்கவில்லை.

ஒரு தெரு நோட்டு ஒரு மனிதர் பையில் இருந்ததற்கே இது. ஒரு தேசம் முழுவதற்கும் உண்டான நோட்டு ஒரே கட்சியின் பையில் இருந்து, அந்த நோட்டுக்குப் பணம் கடல் கடந்து வேறு தேசங்களிலிருந்து வந்துகொண்டும் இருந்தால் என்ன ஆகும்? இதைத் தெரிந்துகொள்ள எதியோப்பியா தேசத்தின் 50 வருஷக் கதையைவிடத் தெளிவான உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை. மூன்று விதமான சர்க்கார் அங்கு வந்து போயின. கொடுத்த தேசங்களும் மாறின. நோட்டு மாத்திரம் மாறவில்லை.

சக்கரவர்த்தியின் பஞ்சம்

1974 வரையில் எதியோப்பியாவை ஆண்டவர் ஹெய்லி செலாசி என்ற சக்கரவர்த்தி. சாலமோன் ராஜாவின் வம்சத்தில் வந்தவர் என்று அவருக்குப் பெயர். அவருடைய சரீரம் புனிதமானது என்று 1955-ம் வருஷத்து அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். புராணத்தில் எழுதினால் சிரிக்கலாம். சட்டத்தில் எழுதினால் என்ன செய்வது? அந்தப் புனித சரீரக்காரரின் ராஜ்யத்தில் 1973-ல் வொல்லோ என்ற மாகாணத்தில் பஞ்சம் வந்தது. குறைந்த கணக்குச் சொல்லுகின்றவர்கள் 40 ஆயிரம் பேர் செத்தார்கள் என்றும், அதிகக் கணக்குச் சொல்லுகின்றவர்கள் 2 லட்சம் பேர் என்றும் சொல்லுகின்றார்கள்.

மழை பொய்த்ததால் வந்த பஞ்சம், தெய்வக் குற்றம் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும். ஆனால் அமர்த்தியா சென் என்ற பொருளாதார அறிஞர் 1981-ல் எழுதிய புத்தகத்தில் அந்தப் பஞ்சத்தின் கணக்கைப் பிரித்துப் பார்த்திருக்கின்றார். வொல்லோவில் விளைச்சல் போனது உண்மை; ஆனால் தேசம் முழுவதும் எடுத்துக்கொண்டால் உணவு உற்பத்தி அப்படி ஒன்றும் பிரமாதமாகக் குறைந்துவிடவில்லை. வொல்லோவின் டெஸ்ஸி பட்டணச் சந்தையில் தானிய விலைகூடப் பெரிதாக ஏறவில்லை. ஏன் ஏறவில்லை? வாங்க ஜனங்களிடம் காசில்லை. காசில்லாத ஊரில் விலை ஏறுமா? அதனால் சாகின்றவர்களின் கண்ணெதிரிலேயே அந்த மாகாணத்துத் தானியம் விலை கிடைக்கும் ஊர்களுக்கு வெளியேறிப் போய்க்கொண்டிருந்தது. வருணபகவானுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கின்றோம்.

இந்தச் சங்கதியைச் சக்கரவர்த்தியின் அதிகாரிகள் மூடி மறைத்தார்கள். அது அவர்களுக்கு வழக்கம். அங்கு முகாம் போட்டிருந்த சர்வதேச ஸ்தாபனங்களும், சர்க்காரைச் சங்கடப்படுத்தக்கூடாது என்கின்ற மரியாதையில் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். 1973 அக்டோபரில் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்காரர் எடுத்த படம் லண்டனில் டெலிவிஷனில் காட்டப்பட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அடுத்த வருஷம் செப்டம்பரில் பட்டாளத்தார் சக்கரவர்த்தியைப் பதவியிலிருந்து இறக்குவதற்கு முதல் நாள் இரவு, அந்தப் படத்தையே அரண்மனை விருந்துக் காட்சிகளோடு கலந்து தேச மக்களுக்குக் காட்டினார்கள். மறுநாள் புனித சரீரத்தை ஒரு சின்ன மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

லாரியில் ஏற்றப்பட்டவர்கள்

அதற்குப் பிறகு வந்தவர்கள் கடவுளைச் சொல்லி ஆளவில்லை. மெங்கிஸ்து என்ற பட்டாளத்துக்காரர் தலைமையில் விஞ்ஞான சமதர்மம் என்று சொல்லித்தான் ஆண்டார்கள். நம் வாசகர்களில் சிலர் 'அப்படியானால் நல்லதுதானே' என்று நினைக்கலாம். கடவுள் பேரைச் சொல்லாதவன் எல்லாம் யோக்கியன் என்று நாம் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. 1984-ல் மறுபடியும் பஞ்சம் வந்தபோது தலைநகரத்தில் புரட்சியின் பத்தாவது வருஷக் கொண்டாட்டம் வெகு ஆடம்பரமாக நடந்துகொண்டிருந்தது. அது முடிகின்ற வரையில் பஞ்சத்தைப் பற்றி மூச்சுவிடக்கூடாது என்பது உத்தரவு. சக்கரவர்த்தி தெய்வத்தின் பெயரால் மறைத்ததை இவர்கள் புரட்சியின் பெயரால் மறைத்தார்கள். செத்தவனுக்கு இதில் என்ன வித்தியாசம்?

1984 அக்டோபர் 23-ந் தேதி கொரெம் என்ற ஊர் முகாமிலிருந்து பி. பி. சி. எடுத்த காட்சிகள் வெளியாயின. உலகம் பதறியது. பாட்டுக்காரர்கள் பாட்டுப் பாடிப் பணம் சேர்த்தார்கள். 1985 ஜூலை 13-ந் தேதி லண்டனிலும் பிலடெல்பியாவிலும் பெரிய கச்சேரிகள் நடந்தன. சாதாரண ஜனங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதற்கொண்டு, மனதார அள்ளிக் கொடுத்தார்கள். அவர்களை நாம் ஒரு வார்த்தையும் குறை சொல்ல மாட்டோம்.

ஆனால் அந்தத் தானியம் எதற்குப் பயன்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். வட பாகத்தில் சர்க்காருக்கு விரோதமாகக் கலகம் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பாகத்து ஜனங்களில் 15 லட்சம் பேரைப் பெயர்த்து எடுத்து, பல நூறு மைலுக்கு அப்பால் தென்மேற்குக் காடுகளில் கொண்டுபோய்க் குடியேற்றுவது என்று சர்க்கார் தீர்மானித்தது. விளையாத மண்ணிலிருந்து விளையும் மண்ணுக்கு என்று பெயர். யார் போக மனமில்லாமல் இருந்தார்களோ அவர்களை எப்படிப் போக வைப்பது? அதற்குத்தான் கஞ்சி இருந்ததே! கஞ்சி ஊற்றுகின்ற முகாமுக்குப் பசித்தவன் தானாக வந்து சேருவான். வந்தவனைப் பட்டாளத்தார் சுற்றி வளைத்து லாரியிலும் ரஷ்ய ஆகாய விமானங்களிலும் ஏற்றினார்கள். புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கமாகப் போயிற்று. பெயர் கொடுக்காதவனுக்குப் பங்கு நிறுத்தப்பட்டது. சுமார் 6 லட்சம் பேர் இவ்வாறு பெயர்க்கப்பட்டார்கள். அதில் குறைந்தது 50 ஆயிரம் பேர் மாண்டார்கள் என்பது பிற்பாடு ஆராய்ந்தவர்கள் கணக்கு. பஞ்சத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி நடந்த காரியம் இது.

அங்கு வேலை செய்து வந்த ஸ்தாபனங்களுக்கு இது கண்ணுக்குத் தெரியாமல் நடந்ததல்ல. எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற பிரெஞ்சு டாக்டர்களின் சங்கம் மாத்திரம் இதைப் பகிரங்கமாகச் சொல்லிற்று. 1985 டிசம்பரில் அவர்களைத் தேசத்தைவிட்டு வெளியேற்றினார்கள். மற்ற ஸ்தாபனங்கள் அனேகமாக மௌனமாய் இருந்தன. அவர்கள் சொன்ன சமாதானம் என்னவென்றால், வாய் திறந்தால் எங்களையும் துரத்திவிடுவார்கள், பிறகு இந்தக் குழந்தைகளுக்கு யார் பால் கொடுப்பது என்பது. இந்தச் சமாதானத்தை நாம் லேசாகத் தள்ளிவிட முடியாது. மடியில் குழந்தை சாகும்போது அப்படிச் சொன்ன நர்சம்மாளை நாம் குற்றவாளி என்று சொல்லத் தயாராயில்லை. ஆனால் அந்த நர்சம்மாளின் மௌனத்தைக் கூலியில்லாமல் வாங்கிக்கொண்டவன் யார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். குழந்தையின் பசியை ஈடு வைத்து, கொடுக்கின்றவன் வாயை அடைத்தான். அதே பசியை வைத்துத்தான் தகப்பனையும் லாரியில் ஏற்றினான்.

ஐந்து பேருக்கு ஒரு காவல்

மெங்கிஸ்து 1991-ல் ஜிம்பாப்வே தேசத்துக்கு ஓடிப்போனார். கலகம் செய்தவர்களே சர்க்காரானார்கள். மெலெஸ் ஜெனாவி என்பவர் தலைவரானார். இவர் கெட்டிக்காரர், படிப்பாளி, வெள்ளைக்கார மந்திரிகள் மெச்சும்படியாகப் பேசக்கூடியவர். ஆப்பிரிக்காவின் கஷ்டங்களைத் தீர்க்க வழி சொல்ல பிரிட்டிஷ் பிரதம மந்திரி டோனி பிளேர் அமைத்த கமிஷனில் இவரும் ஓர் அங்கத்தினர். அந்தக் கமிஷன் 2005 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. அந்த வருஷம் மே மாதத்தில் எதியோப்பியாவில் தேர்தல் நடந்தது. தலைநகரத்தில் எதிர்க்கட்சியார் அடியோடு ஜெயித்துவிட்டார்கள். முடிவில் மோசம் நடந்ததாக ஜூனிலும் நவம்பரிலும் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷன் எண்ணிய கணக்குப்படியே செத்த பொது ஜனங்கள் 193 பேர்.

கொடுக்கின்ற தேசங்கள் முகத்தைச் சுளித்தன. சர்க்கார் கஜானாவுக்கு நேராகக் கொடுத்து வந்த பணத்தை நிறுத்தின. 'ஆகா, மனித உரிமைக்காகப் பணத்தையே நிறுத்திவிட்டார்களே' என்று யாரும் கைதட்ட வேண்டாம். 2006-ல் வேறொரு பெயர் வைத்து வேறொரு வாசல் வழியாகப் பணம் போயிற்று. அதற்கு 'அடிப்படை சேவைகள் பாதுகாப்பு' என்று பெயர். உலக பாங்கியும் பிரிட்டனும் ஐரோப்பிய யூனியனும் இன்னும் பலரும் போட்ட பணம். மத்திய கஜானாவில் இல்லாமல் ஜில்லாக்களுக்குப் போய், உபாத்தியாயர், நர்சு, விவசாய உத்தியோகஸ்தர் ஆகியவர்களுக்குச் சம்பளமாக வரும். ஆகவே அது ஏழைக்கு நேராகப் போகின்ற பணம் என்றார்கள். 2008-ல் எதியோப்பியாவுக்குப் போன மொத்த அந்நிய உதவி 300 கோடி டாலருக்கு மேல்.

சரி, அந்தக் கிராமத்துக்குள் போய்ப் பார்ப்போம். அங்கே கெபெலே என்று ஒன்று உண்டு. நம் பஞ்சாயத்து மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் பஞ்சாயத்துத் தலைவர் கனவிலும் காணாத அதிகாரம் அதற்கு. அரசியல் சட்டப்படி நிலம் முழுவதும் ராஜ்யத்துக்குச் சொந்தம். குடியானவனுக்கு உழுகின்ற பாத்தியதை மட்டும். அந்தப் பாத்தியதையைப் பதிவு செய்கின்றவர் கெபெலே தலைவர். உரமும் விதையும் கடனுக்குக் கொடுக்கின்றவர் அவரைக் கேட்டுத்தான் கொடுப்பார். பஞ்ச காலத்தில் ரோடு போட்டு, குளம் வெட்டிக் கூலியாகத் தானியம் வாங்குகின்ற திட்டம் ஒன்று 2005-ல் அந்நிய உதவியால் ஏற்பட்டது. 70 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் அதில் பிழைத்தார்கள். அந்தப் பட்டியலில் யார் பெயர் என்பதும் கெபெலே வழியாகத்தான். அந்தத் தலைவர் யார்? ஆளும் கட்சிக்காரர். அவருக்குக் கீழே ஐந்து பேருக்கு ஒருவர் என்று கட்சி ஆள். அந்த ஐந்து வீட்டில் யார் வந்தார், யார் போனார், யார் என்ன பேசினார் என்று அவர் சொல்ல வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நிலம், விதை, உரம், கடன், கூலித்தானியம், பிள்ளையின் பள்ளிக்கூட வேலை இவ்வளவும் ஒரே நோட்டில். அந்த நோட்டைப் பிடித்திருப்பவரே ஓட்டும் கேட்கின்றார். இவருக்குப் போலீசு எதற்கு? தடி எதற்கு? நோட்டை மூடி வைத்தாலே போதுமே!

ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை ஸ்தாபனத்தார் மூன்று மாகாணங்களில் 53 கிராமங்களுக்குப் போய் 200 பேருக்கு மேல் விசாரித்து, 2010 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டார்கள். எதிர்க்கட்சியில் சேர்ந்தவனுக்கு உரம் இல்லை, விதை இல்லை, கூலித்தானியப் பட்டியலில் பெயர் இல்லை. செய்தது தப்பு என்று மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துக் கட்சியில் சேர்ந்தால் உண்டு என்பதுதான் ஊருக்கு ஊர் அவர்கள் கேட்ட கதை. உதவி கொடுத்த தேசங்களின் கூட்டுச் சபையாரும் அதே வருஷத்தில் தாங்கள் தனியாகப் பரிசீலித்து, திட்டங்களில் கணக்கு முறைகள் சரியாகவே இருக்கின்றன என்று சொன்னார்கள். எப்படிப் பரிசீலித்தார்கள்? மேஜையில் உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்துப் பரிசீலித்தார்கள். காகிதத்தில் எந்தக் காலத்தில் எந்தக் கிராமத்தில் யார் பட்டினி கிடந்திருக்கின்றார்கள்? 2008-ல் நடந்த ஸ்தல ஸ்தாபனத் தேர்தலில் சுமார் 36 லட்சம் ஸ்தானங்களில் அனேகமாக அவ்வளவும் ஆளும் கட்சிக்கு. 2010-ல் பார்லிமெண்டில் 547 ஸ்தானங்களில் 545 அவர்களுக்கும் அவர்கள் சிநேகிதர்களுக்கும். 2015-ல் அந்த இரண்டும் போய் 547-ம் அவர்களுக்கே. ஒரு தேசத்தில் ஜனங்கள் அவ்வளவு பேருக்கும் ஒரே அபிப்பிராயம் என்றால், ஒன்று அவர்கள் பொம்மையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு யார் கையிலோ இருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லத்தான் வேண்டும். 2009-ல் அந்த சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. எந்தச் சங்கம் தன் வருமானத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் அந்நிய தேசத்திலிருந்து வாங்குகின்றதோ, அது மனித உரிமையைப் பற்றிப் பேசக்கூடாது. அந்நியப் பணம் வாங்கினால் அந்நியனுக்கு அடிமையாகிவிடுவார்களாம்! வருஷத்துக்கு 300 கோடி டாலர் வாங்குகின்ற சர்க்கார் செய்த சட்டம் இது. பட்டை நாமம் போட்டவன் திருநீறு பூசியவனைப் பார்த்து 'நெற்றியில் என்னடா அசிங்கம்' என்று கேட்டது போல் இருக்கின்றது. அந்தச் சட்டம் 2019-ல் மாற்றப்பட்டது. அதற்குள் அங்கிருந்த மனித உரிமைச் சங்கங்கள் எலும்பும் தோலுமாயின.

இது ஏதோ ஆப்பிரிக்காவுக்கு மாத்திரம் உள்ள புத்தி என்று நம்மவர்கள் யாராவது எண்ணினால், 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் ஜில்லாவில் நடந்ததை நினைத்துப் பார்க்கட்டும். உலகத்தின் நாலா பக்கங்களிலிருந்தும் உதவி வந்து குவிந்தது. கடற்கரை ஊர்களில் தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் சில முகாம்களில் மற்றவர்களோடு தங்க விடப்படவில்லை என்றும், நிவாரணப் பட்டியலில் அவர்கள் பெயர் விட்டுப்போயிற்று என்றும் அப்போதே விசாரித்தவர்கள் எழுதி வைத்திருக்கின்றார்கள். அனுப்பினவனுக்கு ஜாதி தெரியாது. பட்டியல் எழுதினவனுக்குத் தெரியும்.

முதலில் சோறு என்பவர்கள்

நம் மீது கோபித்துக்கொள்ளுகின்றவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "பசித்தவனுக்கு முதலில் சோறு, பேச்சுச் சுதந்திரமும் ஓட்டும் வயிறு நிறைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். மெலெஸ் சர்க்கார் சோறு போட்டதா இல்லையா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். மறைக்காமல் பதில் சொல்லுகின்றோம். போட்டது. உலக பாங்கியின் கணக்குப்படி 2000-ல் நூற்றுக்கு 44 பேராக இருந்த ஏழைகள் 2011-ல் 30 பேராகக் குறைந்தார்கள். கிராமங்களுக்கு ஆஸ்பத்திரி ஊழியர்கள் வந்தார்கள்; குழந்தைச் சாவு குறைந்தது; பள்ளிக்கூடங்கள் பெருகின. இதை இல்லை என்று சொல்லுகின்றவன் பொய்யன்.

ஆனால் முதலில் சோறு, பிறகு உரிமை என்று சொல்லுகின்றவர்கள் இரண்டும் வேறு வேறு வண்டியில் வருகின்றன என்று நினைத்துக்கொண்டிருக்கின்றார்கள். வொல்லோ ஜனங்கள் 1973-ல் சத்தம் போட முடிந்திருந்தால் தானியம் வெளியூருக்குப் போயிருக்குமா? 1984-ல் தலைநகரத்தில் நாலு பத்திரிகை சுதந்திரமாக இருந்திருந்தால் விழா முடிகின்ற வரையில் பஞ்சம் காத்திருக்குமா? பஞ்சத்தைப் பற்றி எழுதக்கூடிய பத்திரிகையும், எழுதினால் பதவி போகும் என்று பயப்படக்கூடிய மந்திரியும் உள்ள தேசத்தில் பெரிய பஞ்சம் வருவதில்லை என்பது மேலே சொன்ன சென் அவர்களின் பிரசித்தமான முடிவு. ஆகவே உரிமை என்பது சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளும் தாம்பூலம் அல்ல. உலையில் போடுகின்ற அரிசியைக் களவு போகாமல் காப்பதே அதுதான்.

இன்னொரு கூட்டத்தார், "அப்படியானால் உரிமை கொடுக்காத சர்க்காருக்கு உதவியை நிறுத்திவிட வேண்டியதுதானே" என்பார்கள். சொல்லுவதற்குச் சுலபம். அமெரிக்காவில் 1975 முதல் ஒரு சட்டம் இருக்கின்றது. தன் ஜனங்களை ஓயாமல் கொடுமைப்படுத்துகின்ற சர்க்காருக்கு உதவி கொடுக்கக்கூடாது. ஆனால் அந்த உதவி ஏழைகளுக்கு நேராகப் போய்ச் சேருமானால் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். எதியோப்பியச் சேனை 2006 டிசம்பரில் அமெரிக்காவின் ஆதரவோடு சோமாலியாவுக்குள் புகுந்தது. கொடுமையும் தெரியும், சட்டமும் தெரியும். ஆனால் சேனை வேண்டும். எனவே உதவி ஏழைக்கு நேராகப் போகின்றது என்பதை எல்லோரும் நம்பிக்கொண்டார்கள்.

நிறுத்தின போது என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். 2020 நவம்பர் முதல் 2022 நவம்பர் வரையில் டிக்ரே மாகாணத்தில் யுத்தம். பாங்கி, தபால், டெலிபோன், மின்சாரம் யாவும் நிறுத்தப்பட்டு மாகாணம் முற்றுகையில் இருந்தது. 2021 ஜூனில் சுமார் மூன்றரை லட்சம் பேர் பஞ்சத்தின் கடைசிப் படியில் இருப்பதாகச் சர்வதேசக் கணக்கு வந்தது. பேசின ஐக்கிய நாட்டு ஸ்தாபன அதிகாரிகளில் ஏழு பேரை அந்த வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி வெளியேறச் சொன்னார்கள். பழைய பிரெஞ்சு டாக்டர்கள் கதைதான். யுத்தம் நின்ற பிறகு, 2023 மே மாதத்தில், உதவித் தானியம் மூட்டை மூட்டையாகக் களவாடப்படுவது தெரியவந்தது. சர்க்கார் ஆட்களுக்கும் பட்டாளத்துக்கும் இதில் சம்பந்தம் இருப்பதாகக் கண்டார்கள். உடனே அமெரிக்காவும் உலக உணவுத் திட்டத்தாரும் டிக்ரேக்கும், ஜூனில் தேசம் முழுவதற்குமே தானியத்தை நிறுத்தினார்கள். பெரும்பாலோருக்கு அந்த வருஷக் கடைசி வரையில் தானியம் வரவில்லை. களவாடினவன் ஒருவேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. களவு கொடுத்தவன் செத்தான். திருடன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டு, திருட்டுக் கொடுத்தவன் வீட்டுக்குத் தீ வைப்பதற்கு நியாயம் என்று பெயர் வைக்க முடியுமா?

பிறகு 2025 ஜனவரியில் அமெரிக்கா உலகம் முழுவதற்கும் உதவியை நிறுத்தி, ஜூலையில் அந்த இலாகாவையே மூடிவிட்டது. அது மனித உரிமைக்காகவும் அல்ல, களவுக்காகவும் அல்ல. தங்கள் ஊர் அரசியலுக்காக. தருமம் என்று கொடுத்து வந்தது தருமப் பிரபுவுக்கு மனம் மாறினால் நின்றுபோகும். அதை ஏன் என்று கேட்கப் பிச்சைக்காரனுக்குப் பாத்தியதை ஏது?

இங்கேதான் விஷயத்தின் ஆணிவேர் இருப்பதாக நாம் கருதுகின்றோம். கொடுக்கின்ற தேசம் தன் வரி கொடுப்போருக்கு ஜவாப் சொல்லுகின்றது. வாங்குகின்ற சர்க்கார் கொடுக்கின்ற தேசத்துக்கு ஜவாப் சொல்லுகின்றது. கெபெலே தலைவர் சர்க்காருக்கு ஜவாப் சொல்லுகின்றார். எல்லோரும் மேல் பக்கம் பார்த்தே ஜவாப் சொல்லுகின்றார்கள். கீழே குந்தியிருக்கின்ற குடியானவனுக்கு ஜவாப் சொல்லுகின்றவன் ஒருவனும் இல்லை. வளர்ச்சி என்பதே மனிதனுடைய உரிமை என்று ஐக்கிய நாட்டுச் சபையில் 1986 டிசம்பர் 4-ந் தேதி தீர்மானம் செய்தார்கள். 146 தேசங்கள் ஆதரவு. எட்டு தேசங்கள் நடுநிலைமை. அமெரிக்கா ஒன்று மட்டும் எதிர்ப்பு. தீர்மானத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த உரிமையை எந்தக் கச்சேரியில் போய் எந்தக் குடியானவன் கேட்பது?

ஒரே ஓர் இடத்தில் ஒரு சின்னக் கதவு திறந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நம் எழுத்து பாரபட்சமாகும். அந்தக் கதவைத் திறந்தவர்கள் நம் நர்மதை நதிக்கரை ஜனங்கள். சர்தார் சரோவர் அணைக்கு உலக பாங்கி கடன் கொடுத்தது. மூழ்கப்போகின்ற ஊரார் மறியல் செய்தார்கள். பாங்கியே நியமித்த தனிக் கமிஷன் 1992-ல் ஊராரின் புகார் சரி என்று சொல்லிற்று. 1993 மார்ச்சில் பாங்கி அணையிலிருந்து விலகிக்கொண்டது. அதே வருஷம் செப்டம்பரில், பாங்கியின் பணத்தால் கெட்டுப்போனோம் என்கின்ற ஜனங்கள் நேராக மனுக் கொடுக்க ஒரு விசாரணைக் குழு ஏற்பட்டது. நர்மதை ஊர்கள் மூழ்குவதை அது தடுக்கவில்லை. ஆனால் மனுக் கொடுக்கும் பாத்தியதை என்ற ஒன்று பிறந்தது.

அந்தக் கதவை 2012-ல் எதியோப்பியாவின் காம்பெல்லா மாகாணத்து அனுவாக் என்ற ஜாதியார் தட்டினார்கள். அந்த மாகாணத்தில் சுமார் 45 ஆயிரம் குடும்பங்களை, சிதறிக் கிடந்த ஊர்களிலிருந்து பெயர்த்துப் புது ஊர்களில் குடிவைக்கச் சர்க்கார் திட்டம் போட்டிருந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் தருகின்றோம் என்றார்கள். போனவர்கள் கண்டது காடு. போகமாட்டேன் என்றவர்கள் பட்டாளத்தின் அடி வாங்கினார்கள் என்பது புகார். அந்தக் குடிபெயர்ப்பு வேலையைச் செய்த ஸ்தல உத்தியோகஸ்தர்கள் சம்பளம் எங்கிருந்து வந்தது? மேலே சொன்னோமே, 'அடிப்படை சேவைகள் பாதுகாப்பு', அதிலிருந்துதான்! ஏழைக்கு நேராகப் போகின்ற பணம் ஏழையை வீட்டைவிட்டுத் துரத்துகின்றவனுக்கு நேராகப் போயிருந்தது. பாங்கியார் தாங்கள் அரசியலில் தலையிடுவதில்லை என்று தங்கள் பழைய விதியைக் காட்டினார்கள். விசாரணைக் குழு 2015-ல் வெளியான அறிக்கையில் இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்றும், பாங்கி தன் சொந்த விதிகளையே அனுசரிக்கவில்லை என்றும் சொல்லிற்று. அந்த ஊர்க் குடியானவர் ஒருவர், பெயரை வெளியே சொல்ல அஞ்சி, லண்டன் ஹைக்கோர்ட்டில் பிரிட்டிஷ் சர்க்கார் மேல் வழக்குப் போட்டார். விசாரிக்கத்தக்க வழக்கே என்று 2014 ஜூலையில் கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. அடுத்த வருஷ ஆரம்பத்தில் பிரிட்டன் அந்தத் திட்டத்துக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. பிரிட்டிஷ் சர்க்காரை ஓர் ஆப்பிரிக்கக் குடியானவன் 'என் ஊரில் உன் பணம் என்ன செய்தது?' என்று கேட்டது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நம் தோழர்கள் யோசிக்க வேண்டும்.

நாம் கேட்பது இந்தக் கேள்வியைக் கேட்கின்ற பாத்தியதையைத்தான். கொடுக்கின்றவன் கொடுக்கட்டும். ஆனால் எவ்வளவு வந்தது, யார் யார் பெயர், யார் பெயர் ஏன் இல்லை என்பதை ஊர் நடுவில் உரக்க வாசிக்க வேண்டும். பெயர் விட்டுப்போனவன், நோட்டுப் பிடித்தவனிடமே போய் நிற்காமல், வேறு இடத்தில் மனுக் கொடுக்க வழி வேண்டும். அப்படி மனுக் கொடுத்தவன் மேல் கை வைத்தால், கொடுத்த தேசத்தார் முதலில் கேட்க வேண்டியது தங்கள் பணத்தின் கணக்கை அல்ல, அந்த மனிதனை.

இந்தக் கடைசி விஷயம் ஏன் என்றால், உலக பாங்கியின் விசாரணைக் குழு காம்பெல்லாவுக்குப் போயிருந்தபோது அவர்களுக்கு ஜனங்கள் சொன்னதை மொழிபெயர்த்துச் சொன்னவர் ஒரு பாதிரியார். அறிக்கை வெளியான சில வாரங்களில், 2015 மார்ச் 15-ந் தேதி, நைரோபியில் உணவுப் பாதுகாப்பைப் பற்றி நடக்க இருந்த ஒரு கூட்டத்துக்குப் புறப்பட்ட அவரையும் கூட இருந்தவர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். செப்டம்பர் வரையில் குற்றம் இன்னதென்று சொல்லவில்லை. பிறகு பயங்கரவாதச் சட்டத்தின்படி குற்றப்பத்திரிகை வந்தது. பசியைப் பற்றிப் பேசக் கூடிய அந்தக் கூட்டத்தை அதில் பயங்கரவாதக் கூட்டம் என்று எழுதியிருந்தார்கள்.